ஆலோசனைப் பணியை விட்ட பின் அவசரத்தில் செய்யும் தவறுகள்

திங்கட்கிழமை விடியற்காலை விமானத்தைப் பிடித்து வியாழன் இரவு வீடு திரும்புவதும், நள்ளிரவு தாண்டியும் ஸ்லைடுகளைத் திருத்திக்கொண்டிருப்பதும் பெரிய மேலாண்மை ஆலோசனை நிறுவனங்களில் பணியாற்றியவர்களுக்குப் பழகிய வாழ்க்கை. அதிலிருந்து விலகியவரிடம் உறவினர்களும் நண்பர்களும் முதலில் கேட்பது 'அடுத்து என்ன?' என்பதுதான். கையில் பதில் இல்லை என்று சொல்லக் கூசி, விலகிய முதல் மாதத்திலேயே ஏதோ ஒரு முடிவைச் சொல்லிவிடுவதே பின்வரும் பல தவறுகளுக்கும் தொடக்கம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பணிச்சோர்வை ஒரு நோயாக அல்லாமல் பணி சார்ந்த ஒரு நிலையாக வரையறுத்து, அதற்கு மூன்று கூறுகளைக் குறிப்பிட்டது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன்மீது கசப்பு, திறன் குறைந்துவிட்டதான உணர்வு. முதலாவதை எவரும் அடையாளம் கண்டுகொள்வர். மற்ற இரண்டும்தான் ஏமாற்றுபவை; கசப்பை 'எனக்கு இந்தத் துறையே பிடிக்கவில்லை' என்றும், திறன் குறைந்த உணர்வை 'நான் இதற்குத் தகுதியானவன் அல்லன்' என்றும் சோர்ந்த மனம் மொழிபெயர்த்துக்கொள்கிறது. அந்த நிலையில் துறையையே மாற்றும் முடிவை எடுப்பது, காய்ச்சலில் படுத்திருப்பவர் தமக்குப் பிடித்த உணவு எதுவென்று தீர்மானிப்பதைப் போன்றது.

ஆகவே முதலில் பிரித்தறிய வேண்டியது, எது தாங்க முடியாததாக இருந்தது என்பதை. இடைவிடாத பயணமா, வாடிக்கையாளர் எந்நேரமும் அழைக்கலாம் என்ற பதற்றமா, பதவி உயராவிட்டால் வெளியேற வேண்டும் என்ற எழுதப்படாத விதியா, தாம் கொடுத்த அறிக்கை நடைமுறைக்கு வந்ததா என்றே தெரியாமல் அடுத்த திட்டத்துக்கு மாற்றப்படுவதா? பயணம்தான் சிக்கல் என்றால், அதே ஆய்வுத் திறனை ஒரு நிறுவனத்தின் உள் உத்திப் பிரிவில் இருந்த இடத்திலிருந்தே பயன்படுத்தலாம். பலனைக் காண முடியாததே குறை என்றால், உத்திப் பிரிவும் அதையே திரும்பத் தரக்கூடும். உற்பத்தியையோ விற்பனையையோ நேரடியாக நடத்தும் பொறுப்பே பொருந்தும். இதை ஆராயாமல், விலகிய செய்தி பரவியதும் ஆள்தேர்வு முகவர் அழைக்கும் முதல் வாய்ப்பை ஏற்பவர், வேறொரு பெயர்ப்பலகையின் கீழ் அதே வாழ்க்கைக்குத் திரும்புகிறார்.

தம் வாழ்க்கையையும் ஒரு வாடிக்கையாளர் திட்டமாக நடத்துவது ஆலோசகர்களுக்கே உரிய தவறு. எக்செல் தாளில் எட்டு வாய்ப்புகளுக்கு மதிப்பெண் இட்டு, இரண்டு வாரக் கெடு வைத்து, ஓய்வுக்கும் இலக்கு நிர்ணயிப்பவர்கள் உண்டு (நெருங்கிய நண்பர்களுக்கு அதை ஸ்லைடுகளாகவே விளக்குபவர்களும் உண்டு). அந்த மதிப்பெண்களை இடுவது சோர்ந்த மனமே என்பதால், தாள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் விடை நம்பத்தக்கதன்று.

பொறுமையாக முடிவெடுக்கப் பணம் வேண்டும். இந்தியாவில் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது மருத்துவக் காப்பீட்டை. நிறுவனத்தின் குழுக் காப்பீடு பொதுவாகக் கடைசிப் பணிநாளோடு முடிந்துவிடும். புதிதாக எடுக்கும் தனிநபர் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம் என்பதால், பணியில் இருக்கும்போதே தனிப் பாலிசி எடுப்பது நல்லது. வருங்கால வைப்பு நிதியைச் செலவுக்காக உடனே எடுப்பதும் தவறு. தொடர்ச்சியான பணிக்காலம் ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பின் எடுக்கும் தொகைக்குப் பொதுவாக வரி உண்டு.

தனியாக ஆலோசகராகத் தொழில் செய்ய முனைவோர் கட்டணத்தில் சறுக்குகிறார்கள். ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றவர், அதை 240 வேலை நாட்களால் வகுத்து நாளுக்கு 10,000 ரூபாய் கேட்கிறார். வாடிக்கையாளரைத் தேடவும், முன்மொழிவு எழுதவும், நிலுவையை வசூலிக்கவும் பாதி நாட்கள் போய்விட்டால், கட்டணம் கிடைக்கும் நாட்கள் 120 மட்டுமே. அதே வருமானத்துக்கு அவர் 20,000 கேட்டிருக்க வேண்டும். காப்பீடு, விடுப்பு, கணக்காளர் செலவு இக்கணக்கில் இன்னும் சேரவில்லை. சேவை வழங்குவோரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால், பெரும்பாலான மாநிலங்களில் ஜிஎஸ்டி பதிவும் கட்டாயம்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் அஞ்சுவதும், படிக்காமல் துணிவதும் ஒரே அளவு கேடு. பணி விலகிய பிறகும் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. அதற்காக ஓராண்டு வேலை தேடாமல் இருக்கத் தேவையில்லை. ஆனால் இரகசியக் காப்பு நிபந்தனை பணிக்குப் பின்னும் தொடரும். இரவெல்லாம் விழித்துத் தாமே உருவாக்கிய ஸ்லைடுகளும் எக்செல் கணக்கு மாதிரிகளும் பெரும்பாலும் நிறுவனத்தின் உடைமையே. அவற்றைத் தம் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்பவர், புதிய தொழிலின் முதல் மாதத்தில் வழக்கறிஞர் நோட்டீசுக்குப் பதில் எழுத நேரலாம்.