கங்கைகொண்ட சோழபுரம்: கோயிலுக்கு அப்பால் ஒரு தலைநகரம்

வெளிநாடுகளிலிருந்து ஊருக்கு வரும் நம்மவர்களில் பலர், தஞ்சைப் பெரிய கோயிலை நிதானமாகத் தரிசித்துவிட்டு, கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒரு மணி நேரத்தை மட்டுமே ஒதுக்குகிறார்கள். அந்த நேரத்தில் கோயிலைச் சுற்றி வரலாம். ஆனால் முதலாம் இராசேந்திரன் கங்கைப் படையெடுப்புக்குப் பின் அமைத்து, ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழரின் தலைநகராக விளங்கிய நகரத்தைக் காண முடியாது. அரை நாளாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகச் சுமார் 35 கி.மீ. வர வேண்டும். வழியில் கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையைக் கவனியுங்கள். 1836-இல் அதைக் கட்டியபோது இக்கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். கோயிலின் மதில் இன்று சிதைந்து கிடப்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். வெயில் ஏறிய பிறகு கல்தரையில் வெறுங்காலுடன் நடக்கவும் இயலாது. விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடாமல், வடக்கு வாயிலருகே உள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பத்தின் முன் சற்று நேரம் நில்லுங்கள். தம் அடியார் சண்டேசருக்குச் சிவபெருமான் அருள்புரியும் கோலம் இது. தலை தாழ்த்திக் கைகூப்பி அமர்ந்திருக்கும் சண்டேசரின் முடியில் சிவபெருமான் தம் கையால் பூமாலையைச் சுற்றுகிறார். அருகில் உமையம்மை அமர்ந்திருக்கிறார். கங்கை வென்ற மன்னனுக்கு இறைவனே முடிசூட்டுவதாக இச்சிற்பத்தைக் கொள்வாரும் உண்டு. பிள்ளைகளை அழைத்து வந்திருந்தால், அந்த விரல்கள் மாலையைப் பிடித்திருக்கும் பக்குவத்தைக் காட்டுங்கள்.

அடுத்து, தென்மேற்கில் சுமார் 2 கி.மீ. தொலைவிலுள்ள மாளிகைமேட்டுக்குச் செல்லுங்கள். அரண்மனை இருந்த இடம் இதுதான். அங்கே கோபுரமோ தூண்களோ இல்லாததைக் கண்டு ஏமாந்துவிட வேண்டாம். இறைவனுக்குக் கல்லால் கோயில் எடுத்த மன்னர்கள், தாம் வாழ்ந்த மாளிகையைச் செங்கல்லாலும் மரத்தாலும் கட்டிக் கூரைக்கு ஓடு வேய்ந்தார்கள். ஆகவே, பாண்டியர் எழுச்சிக்குப் பின் 1279 அளவில் சோழராட்சி முடிவுற்றதும், கோயில் நின்றது, மாளிகை மண்ணாயிற்று. அகழாய்வில் வெளிப்பட்ட செங்கற்சுவர்களின் அடிப்பகுதியை அங்கே காணலாம். கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பானையோடுகளும் கிடைத்துள்ளன. தரையில் கிடக்கும் ஓட்டுத்துண்டு எதையும் நினைவுப்பொருளாக எடுத்துச் செல்லாதீர்கள். அது கிடக்கும் இடமும் ஆய்வாளருக்குச் சான்றாகும்.

மழைக்காலத்தை ஒட்டி வருவோர், இராசேந்திரன் வெட்டிய பொன்னேரி என்ற ஏரியையும் பார்க்க வேண்டும். வென்று வந்த மன்னன் கற்றூண் நாட்டாமல், சோழகங்கம் என்ற இந்த ஏரியையே நீராலான வெற்றித்தூணாக அமைத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. எனக்கு இக்கோயிலைவிடவும் அந்த எண்ணமே பெரிதாகத் தோன்றுகிறது.

திரும்பும் வழியில் ஊர்ப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே வாருங்கள். உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி: கோட்டையும் படைக்கலமும் காவற்படையும் கட்டுமானப் பணியும் இருந்த இடங்களை இப்பெயர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.