நீலகிரியில் தோட்டாக்களைக் கெடாமல் காப்பது எப்படி

பயிரைக் காக்க உரிமம் பெற்று 12 போர் (bore, குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர், துப்பாக்கிக்கு எண்ணெயிட்டுத் துடைப்பதில் காட்டும் அக்கறையைத் தோட்டாக்களிடம் காட்டுவதில்லை. தோட்டாவுக்குள் இருக்கும் புகையற்ற வெடிமருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அது காலப்போக்கில் மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும். அவற்றை உறிஞ்சிக்கொள்வதற்காகவே தயாரிப்பின்போது டைஃபீனைலமைன் போன்ற நிலைநிறுத்திகளைச் சேர்க்கிறார்கள். வெப்பம் கூடினால் இந்தச் சிதைவு விரைவுபடும் என்பதால், உதகை, குன்னூர் போன்ற இடங்களின் குளிர் வெடிமருந்துக்கு நன்மையே செய்கிறது. மலையில் நாம் அஞ்ச வேண்டியது ஈரத்துக்குத்தான்.

கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழையும் வாரக்கணக்கில் வீட்டுச் சுவர்களை நனைத்து வைத்திருக்கும். ஆகவே வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும், பகலில் சுட்டு இரவில் குளிரும் தகரக் கூரையின் அடியும், கணப்பு அடுப்புக்கு மேலுள்ள தட்டும் தோட்டாக்களுக்கு ஏற்ற இடங்கள் அல்ல. வீட்டின் நடு அறையில், உட்சுவரை ஒட்டி, தரையிலிருந்து உயர்த்திய பூட்டுள்ள அலமாரியே நல்லது.

தோட்டாக்களை அவை வந்த அட்டைப் பெட்டியுடனேயே, மூடியில் ரப்பர் வளையம் கொண்ட டப்பாவுக்குள், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: மூடுபனி சூழ்ந்த நாளில் டப்பாவை மூடினால் அந்த ஈரக் காற்றையும் சேர்த்தே அடைக்கிறோம். பிப்ரவரி மாதத்து வறண்ட நண்பகல் ஒன்றைத் தேர்ந்து திறந்து பார்த்து மூடுவதே என் பரிந்துரை. குளிர்ந்த டப்பாவை வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்தால், சூடு சமமாகும்வரை திறக்காதீர்கள். திறந்தால் பித்தளையின் மீது நீர் பூக்கும். நிறம் மாறிய ஜெல்லைத் தனியே எடுத்துச் சென்று உலர்த்த வேண்டும். தோட்டாக்களை ஒருபோதும் அடுப்பருகே உலர்த்தக் கூடாது. தோல் பெல்ட்டில் செருகியே வைத்திருந்தால், பதனிட்ட தோலிலுள்ள அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றும். துரு நீக்கும் எண்ணெயைத் தோட்டாவின் மேல் தெளிப்பதும் தவறு. அது தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பின் ஓரமாக உள்ளே கசிந்து மருந்தைச் செயலிழக்கச் செய்யும்.

தேயிலைத் தோட்டக்காரர்களிடம் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது உரக் கிடங்கைப் பற்றி. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டிருப்பதைக் கண்டார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரமும், கூட்டைக் குளிர்நிலையில் இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்தே அதற்குக் காரணம் என்பது 1921-இல்தான் விளக்கப்பட்டது. ஈரம் பட்ட யூரியாவிலிருந்தும் மாட்டுக் கொட்டிலிலிருந்தும் அதே அம்மோனியாதான் எழுகிறது. பூட்டு வசதி இருக்கிறதென்று உரக் கிடங்கிலோ கொட்டிலை ஒட்டிய அறையிலோ தோட்டா வைப்பவர்கள் இன்றே அவற்றை இடம் மாற்ற வேண்டும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களும் அருகில் இருக்கக் கூடாது.

துப்பாக்கி ஓரிடத்திலும் தோட்டா வேறிடத்திலும் பூட்டியிருக்கட்டும். சாவி பிள்ளைகளுக்கு எட்டக் கூடாது. கனத்த இரும்புக் குழாய் போன்ற இறுக்கமான கலத்தில் அடைக்க வேண்டாம். தீப்பிடித்தால் உள்ளே அழுத்தம் சேர்ந்து ஆபத்து பெருகும்.

வாங்கிய தேதியைப் பெட்டியின் மேல் எழுதி, பழையதை முதலில் பயன்படுத்துங்கள். உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் எப்போதும் இருப்பு வைக்கலாகாது. தேர்தல் காலத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் முன்னர் தோட்டாக்களையும் எண்ணிக் குறித்துக்கொள்வது பின்னாளில் குழப்பத்தைத் தவிர்க்கும்.

ஆண்டுச் சோதனையில் மேலோட்டமாக மங்கிய பித்தளையைக் கண்டு கவலைப்படத் தேவையில்லை. ஆனால் களிம்பு அரித்துக் குழி விழுந்தவை, வெடிப்பு கண்டவை, ஈரத்தில் ஊதிய காகிதக் கூடுகள், மடிப்பு வாய் தளர்ந்தவை ஆகியவற்றைத் தனியே பிரித்துவிட வேண்டும். ஊதிய தோட்டாவைக் குழலுக்குள் அழுத்தித் திணிக்கக் கூடாது. கழித்தவற்றைப் பிரித்துப் பார்ப்பதும், தீயில் போடுவதும், குழியில் புதைப்பதும், ஓடையில் எறிவதும் பெருந்தீங்கு. உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ முன்கூட்டியே சொல்லி, அவர்கள் கூறும் முறைப்படி ஒப்படைத்து, எழுத்தில் ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.