காலி ஹாஸ்டலை நம்பாதீர்கள்: கோடைக் கருத்தரங்கு நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கக் கல்லூரிகளில் மே மாதம் வந்தால் பயிலரங்கு, கருத்தரங்கு என்று ஏதாவது ஒன்று நடக்கும். வெளியூர் ஆய்வாளர்களைத் தங்கவைக்கும் பொறுப்பு பெரும்பாலும் துறையில் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் விழும். நாங்கள் அந்தக் காலத்தில் சொதப்பிய அதே இடங்களில் அவர்களும் வரிசையாகச் சொதப்புவதால்தான் இதை எழுதுகிறேன். பேனரில் எழுத்துப்பிழை, மைக் கோளாறு போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

"ஹாஸ்டல் காலியாத்தானே சார் இருக்கு!"

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள், அறைகள் சும்மா கிடக்கின்றன, விருந்தினரை அங்கேயே போட்டுவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் கல்லூரி நிர்வாகம் ஆண்டு முழுவதும் தள்ளிப்போட்ட வேலைகளை எல்லாம் எடுப்பது அந்த மே மாதத்தில்தான்.

இந்த வட்டாரக் கல்லூரி ஒன்றில் கல்வெட்டுப் பயிலரங்கு ஏற்பாடாகியிருந்தது. ஆட்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் அறைகளைத் திறந்தார்கள். உள்ளே வெறும் இரும்புக் கட்டில்கள். மெத்தை மாணவர்கள் கொண்டுவருவது, போகும்போது அவர்களே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அலமாரிகளில் அவர்கள் போட்ட பூட்டு. ஒரு மாடி முழுக்க ஃபேன்களைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பியிருந்தார்கள். கழுவுவதற்காக மேல்நிலைத் தொட்டியை வடித்துவிட்டிருந்ததால் குழாயில் காற்றுதான் வந்தது. மெஸ் கான்ட்ராக்டரோ சமையல் ஆட்களுக்கு லீவு விட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தார்.

சரி, டவுனில் லாட்ஜ் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார்கள். வேறு ஊராக இருந்தால் கிடைத்திருக்கும். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ குடும்பத்தோடு வருகிறார்கள். வாரக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கிறார்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்து இருப்பது அதனால்தான். அந்தப் பகுதி லாட்ஜ்களில் முன்பதிவு இல்லாமல் ஒரே ராத்திரியில் மொத்தமாக அறை கேட்டால் சிரிப்பார்கள்.

கடைசியில் சத்துவாச்சாரியில் கொஞ்சம் பேர், காட்பாடியில் கொஞ்சம் பேர் என்று சிதறடித்தார்கள். காலையும் மாலையும் எல்லோரையும் பொறுக்கிக்கொண்டு வர வேன். வள்ளிமலைச் சமணச் சிற்பங்களையும் மகேந்திரவாடிக் குடைவரையையும் காட்ட ஒதுக்கியிருந்த பணம் அந்த வேன் வாடகைக்குப் போனது. கல்வெட்டுப் படிக்க வந்தவர்கள் ஒரு பாறையைக்கூட நேரில் பார்க்காமல் ஊர் திரும்பினார்கள். அமைப்பாளரைக் கேட்டால், மறுபடியும் "காலியாத்தானே சார் இருந்துச்சு" என்றார்!

மே மாதப் பராமரிப்பு வேலைப் பட்டியலை மார்ச்சிலேயே எஸ்டேட் ஆபீஸில் கேட்டு வாங்குங்கள். மெஸ் கான்ட்ராக்டரிடம் தேதிகளை எழுத்தில் வாங்குங்கள். மெத்தை, தலையணையை வாடகைப் பாத்திரக் கடையில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வைகாசி முகூர்த்தம் தொடங்கிவிட்டால் கல்யாண வீட்டுக்காரர்கள் முந்திக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வாரம் முன்னால் அமைப்பாளரே அந்த அறைகளில் ஒன்றில் ஓர் இரவு படுத்து எழுந்து, அங்கேயே குளித்துப் பார்க்கட்டும்.

மேல்மாடி அறை

மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி 28 வரை இருக்கும். வேலூர் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடித் தளம் நடுராத்திரி வரை உள்ளே சூட்டை இறக்கும். வயதானவர்களுக்குத் தரைத்தளம் கொடுங்கள். கறுப்பு சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீரில் பிற்பகலில் கை வைக்க முடியாது என்பதையும் வந்தவுடனே சொல்லிவிடுங்கள்.

எந்த ஸ்டேஷன்?

காட்பாடி. அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போடுங்கள். வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வேறு, அது விழுப்புரம் பாதையில் இருக்கிறது.

வாட்ச்மேனிடம் பட்டியல் இல்லாதது

சென்னை நோக்கிப் போகும் இரவு ரயில்கள் பல விடிவதற்கு முன்பே காட்பாடிக்கு வந்துவிடும். கேட்டில் பெயர்ப் பட்டியல் இல்லையென்றால் ஆய்வாளர் பெட்டியோடு வெளியே உட்கார வேண்டியதுதான். மகளிர் விடுதியில் தங்கவைத்தால் மாணவிகளுக்கான கேட் நேரம் விருந்தினருக்குக் கிடையாது என்று வார்டனிடம் எழுதி வாங்குங்கள். ஐம்பது வயதுப் பேராசிரியையிடம் "யாரைக் கேட்டும்மா வெளியே போனீங்க?" என்று கேட்ட வாட்ச்மேனை எனக்குத் தெரியும். பாவம், அவர் மேல் தப்பில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வெளிநாட்டவர் பதிவு (முன்பு 'சி' படிவம்)

வெளிநாட்டு விருந்தினர் தங்கும் விவரத்தை, அவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். பதிய வேண்டியவர் தங்க இடம் கொடுப்பவர், விருந்தினர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் இதே கணக்குதான்.

வைஃபையும் நூலகமும்

உள்நுழைய ஓ.டி.பி. கேட்கும் வைஃபை, வெளிநாட்டு சிம் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் உதவாது. உங்கள் வளாகத்திலும் அவருடைய பல்கலைக்கழகத்திலும் எடுரோம் (பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வைஃபை வசதி) இருந்தால் அவர் தன் பல்கலைக்கழகக் கணக்கிலேயே நுழைந்துவிடலாம். இல்லையென்றால் தற்காலிகக் கணக்கு ஒன்றை முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள். நூலகம் விடுமுறையில் அரைநாள்தான் திறக்குமா என்று விசாரியுங்கள்.

கிளம்பும் நாள்

நிறைவு விழா மதியம் முடியும். பலருக்கு ரயில் ராத்திரிதான். அறைச் சாவியை மதியமே பிடுங்காதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுங்கள், தயிர்சாதம் வேண்டாம், அந்த வெயிலில் ரயில் வருவதற்குள் புளித்துவிடும்.