ஃபிரெஞ்ச் வெர்ப்பை எழுத்துக்கூட்டி படிக்காதீங்க

ஃபிரெஞ்ச் படிக்கிற நம்ம ஆளுங்க கான்ஜுகேஷன் டேபிளை (நான், நீ, அவன்னு ஆளுக்கு ஏத்த மாதிரி வெர்ப் மாறுற பட்டியல்) கடகடன்னு ஒப்பிப்பாங்க, ஆனா ஒரு வாக்கியத்தை வாய்விட்டு படிக்கச் சொன்னா "அவங்க பேசுறாங்க"ங்கிறதுக்கு 'இல் பார்லான்'னு சொல்லிடுவாங்க. கடைசில இ-என்-டி இருக்கே, 'சூவான்' (அடிக்கடி), 'மோமான்' (கணம்) எல்லாம் அதே எழுத்துல முடிஞ்சு 'ஆன்'னுதானே வருது, அப்போ இதுவும் அப்படித்தான்னு ஒரு நினைப்பு. வெர்ப்ல "அவங்க"வுக்கு வர்ற அந்த இ-என்-டிக்கு சத்தமே கிடையாதுங்க. நான், நீ, அவன், அவங்க நாலு பேருக்கும் ஒரே 'பார்ல்'தான். எழுத்துல ரெண்டு சிலபிளா பிரிப்பாங்க, வாயில ஒண்ணே ஒண்ணு. அதுலயும் நமக்கு மெய்யெழுத்துல நிறுத்த வராது, 'பார்லு'ன்னு ஒரு உகரம் ஒட்டிக்கும், ஒட்டுச்சுன்னா மறுபடி ரெண்டு சிலபிள் ஆயிடும்.

அதுக்காக கடைசில இருக்குற எல்லாத்தையும் முழுங்கிடவும் கூடாது, இதுதான் என்னைக் கேட்டா பெரிய தப்பு. "அவர் கிளம்புறார்" 'இல் பார்', "அவங்க கிளம்புறாங்க" 'இல் பார்த்'. 'இல்' ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் கேக்கும், அதனால அந்த கடைசி 'த்' போச்சுன்னா கிளம்புறது ஒருத்தரா பல பேரான்னு கேக்குறவருக்கு தெரியவே தெரியாது. "அவர் முடிக்கிறார்" 'ஃபினி', "அவங்க முடிக்கிறாங்க" 'ஃபினிஸ்', இந்தக் கதையும் இதேதான்.

உயிரெழுத்துல ஆரம்பிக்கிற வெர்ப்னா வேற மாதிரி. "அவனுக்குப் பிடிக்கும்"ங்கிறதை 'இல்'னு நிறுத்திட்டு 'எம்'னு சொல்லாதீங்க, 'இ-லெம்'னு சேர்ந்து வரணும், 'ல்' அடுத்த சிலபிளுக்குப் போயிடுது. பன்மைல, அதாவது "அவங்களுக்குப் பிடிக்கும்"னா, 'இல்' கடைசில எழுத்துல மட்டும் இருந்த எஸ் முழிச்சுக்கிட்டு இசட் சத்தமா வரும், 'இல்-ஸெம்'. இதை ச மாதிரி அழுத்திச் சொல்லாதீங்க, தொண்டை அதிரணும்.

நடுவுல வர்ற இ-யையும் பாத்துக்கோங்க. "நாங்க வாங்குறோம்" எழுத்துல ஆ-ஷெ-தோன்னு மூணு துண்டு, சாதாரணமா பேசும்போது 'ஆஷ்-தோன்'னு ரெண்டுதான். ஆனா "நான் வாங்குறேன்"ல அதே இ மேல ஆக்சன்ட் குறி ஏறி 'ஜா-ஷெத்'னு தெளிவா கேக்கும், அங்க அதை விழுங்கக்கூடாது.

கடைசியா "செய்றது"க்கான 'ஃபேர்'. "நீங்க செய்றீங்க"ங்கிறதை 'வூ ஃபெத்'னு சரியா சொல்றவங்க கூட "நாங்க செய்றோம்"னு வரும்போது ஸ்பெல்லிங்ல ஏ-ஐ இருக்கேன்னு 'நூ ஃபெ-ஸோன்'னு படிச்சிடுறாங்க. அங்க ஏ-ஐ தேய்ஞ்சு போயி 'நூ ஃப-ஸோன்'னுதான் வரும்.