லண்டன் வீட்டுக்கு எந்த ரீவி அன்டனா? புதிதாக வந்த மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு

கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். பதினேழு வருடம் கிழக்கு லண்டனில் இருந்தேன். அதில் பாதிக் காலம் வீட்டுக் கூரைகளில் அன்டனா பூட்டுகிற வேலை. ஊர் திரும்பிய பிறகும் ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, அக்கரைப்பற்றுப் பிள்ளைகள் அங்கே வீடு எடுத்ததும் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள்: "மாமா, ரீவிக்கு என்ன அன்டனா வாங்க?"

அன்டனாவை அங்கே ஏரியல் என்பார்கள். அதில் வருகிற இலவச ஒளிபரப்புக்கு ஃப்ரீவியூ என்று பெயர். மாதக் கட்டணம் கிடையாது. பிபிசி, ஐடிவி, சனல் 4, சின்னப் பிள்ளைகளுக்கு சிபீபீஸ் எல்லாம் வரும். பிள்ளைகளின் காது ஆங்கிலத்துக்குப் பழக இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. தமிழ் சனல்களை மட்டும் இதில் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு இன்டர்நெட் வழிதான்.

ரீவி லைசென்ஸை மறக்க வேண்டாம். எந்தச் சனலையும் நேரலையில் பார்க்க அது வேண்டும், போனில் பார்த்தாலும்தான். 2025 ஏப்ரலில் வருடக் கட்டணம் 174.50 பவுண் ஆனது. இல்லாமல் பிடிபட்டால் தண்டம் 1000 பவுண் வரை போகலாம். பலர் சேர்ந்திருக்கும் வீட்டில் எல்லாரும் ஒரே வாடகை ஒப்பந்தத்தில் இருந்தால் ஒரு லைசென்ஸ் போதும். அறை அறையாகத் தனி ஒப்பந்தம் என்றால் அவரவர் அறைக்கு அவரவர் எடுக்க வேண்டி வரும்.

இனி அன்டனா. நம் ஊரில் நாம் பழகிய முறை வேறு. அப்பா முற்றத்தில் நின்று ஜீஐ பைப்பைத் திருப்புவார். நான் உள்ளே படத்தைப் பார்த்தபடி ஜன்னலால் கத்துவேன்: "இன்னும் கொஞ்சம்... சரி, சரி, விடுங்க!" புள்ளி புள்ளியாக இருந்த படம் மெல்ல மெல்லத் தெளிந்து வரும். பைப் எவ்வளவு உயரமோ, மீன்முள் மாதிரி இருக்கிற கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது என்பதுதான் அன்றைய கணக்கு. லண்டனில் அந்த அனலாக் ஒளிபரப்பு 2012 ஏப்ரலோடு நின்றுவிட்டது. டிஜிட்டலில் படம் மெல்லத் தெளிவதில்லை. சிக்னல் போதுமென்றால் கண்ணாடி போல இருக்கும். கொஞ்சம் குறைந்தாலோ கட்டம் கட்டமாக உடையும், குரல் வெட்டும், பிறகு ஒன்றுமே இல்லை. திருப்பிய கையோடு படமும் மாறாது, சில வினாடி பொறுக்க வேண்டும். அதனால் படத்தைப் பார்த்துத் திருப்பாதீர்கள். ரீவி மெனுவில் சிக்னல் பலம், தரம் என்று இரண்டு அளவு காட்டும். தரம் என்ற அளவைப் பார்த்து, விரல் அளவு திருப்பிப் பொறுத்துப் பொறுத்துப் பாருங்கள்.

பலம் கூடினாலும் பழுதுதான். நான் போன முதல் வருடம் ஈஸ்ட்ஹாமில் ஒரு அறையில் இருந்தேன். சந்தைக் கடையில் ஒருவர் "டிஜிட்டல் ஏரியல், பூஸ்டரோடு" என்று விற்றதை வாங்கி வந்தேன். இரவெல்லாம் படம் உடைந்து உடைந்து வந்தது. மறுநாள் பக்கத்து அறை அண்ணன் வந்து பார்த்துவிட்டு பூஸ்டரைக் கழற்றி வயரை நேரே ரீவியில் செருகினார். படம் உடையாமல் நிலைத்து நின்றது. ஈஸ்ட்ஹாமிலிருந்து கிறிஸ்டல் பேலஸ் ஒளிபரப்புக் கோபுரம் பதினைந்து கிலோமீற்றர் அளவுதான். 219 மீற்றர் உயரம் அது. அங்கிருந்து வருகிற பலமான சிக்னலை இன்னும் பெருக்கினால் ரீவியின் டியூனர் திணறிவிடும். டிஜிட்டல் ஏரியல் என்று தனியாக ஒரு சாமானும் இல்லை. அனலாக் காலத்து ஏரியலும் துருப்பிடிக்காமல், சரியான குரூப்பில், அதாவது உங்கள் கோபுரத்தின் அலைவரிசையைப் பிடிக்கிற வகையில், இருந்தால் இன்றும் வேலை செய்யும்.

அதனால் கடைக்குப் போக முன்னம் ஃப்ரீவியூ இணையத்தளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போடுங்கள். உங்கள் வீட்டுக்கு எந்தக் கோபுரம் என்று காட்டும். பெரும்பாலான லண்டன் வீடுகளுக்கு கிறிஸ்டல் பேலஸ், பேர்மிங்ஹாம் பக்கம் சட்டன் கோல்ட்ஃபீல்ட், மான்செஸ்டர் பக்கம் விண்டர் ஹில். அப்புறம் தெருவில் இறங்கி அயல் வீட்டுக் கூரைகளை அண்ணாந்து பாருங்கள். நான் வேலைக்குப் போன வீடுகளில் முதலில் செய்தது இதைத்தான். எல்லா ஏரியலும் ஒரே திசையைப் பார்த்தால் அதுதான் உங்கள் திசையும். ஈஸ்ட்ஹாமில் அது தென்மேற்கு. கம்பிகள் படுத்திருக்கின்றனவா, நிமிர்ந்து நிற்கின்றனவா என்றும் கவனியுங்கள். பெரிய கோபுரங்களுக்குப் பொதுவாகப் படுத்திருக்கும், சிறிய துணைக் கோபுரங்களுக்கு நிமிர்ந்திருக்கும். இதை மாற்றிப் பூட்டிவிட்டு ஏரியல் சரியில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

குரூப் என்று சொன்னேன் அல்லவா? இப்போது அங்கே ரீவிக்கு உரிய அலைவரிசை 470 முதல் 694 மெகாஹேட்ஸ் வரை, அதாவது 21 முதல் 48 வரை எண்ணிட்ட அலைவரிசைத் துண்டுகள். பிபிசி, ஐடிவி போன்ற சனல்களின் எண் அல்ல இது. மேலே இருந்ததை எல்லாம் கைபேசிச் சேவைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏரியல் தண்டின் நுனியில் சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதன் நிறம் சிவப்பு என்றால் குரூப் ஏ, மஞ்சள் பி, சாம்பல் கே. கிறிஸ்டல் பேலஸுக்கு ஏ போதும். மற்ற இடங்களில் சந்தேகம் என்றால் கே வாங்குங்கள், 21 முதல் 48 வரை முழுவதும் பிடிக்கும். கறுப்பு மூடி போட்ட பழைய அகல அலை ஏரியல் கைபேசிக் கோபுரத்தின் சிக்னலையும் சேர்த்து இழுக்கும்.

கோபுரம் கிட்ட இருந்தால் என் தெரிவு லொக் பீரியடிக் ஏரியல். அம்புத் தலை போல முன்னுக்கு ஒடுங்கி வரும். பார்க்கச் சின்னது, ஆனால் தேவையில்லாத இடைஞ்சல் சிக்னலைக் குறைவாகவே பிடிக்கும். தூரமாக இருந்தாலோ மேடு மறைத்தாலோதான் நீளமான மீன்முள். அறைக்குள் வைக்கிற ஏரியல் கடைசி வழி. சுவரும் ஆட்களின் நடமாட்டமும் சிக்னலைத் தின்னும், ஜன்னலோரம் வைத்தால் ஓரளவு வரும்.

ஃபிளாட்டில் இருக்கிறீர்களா? எதுவும் வாங்காதீர்கள். சுவரில் ரீவி என்று எழுதிய சொக்கட் இருக்கும். கட்டடத்துக்கே பொதுவான ஏரியல் அதில் வந்து சேரும். முதலில் ஒரு வயரை அதில் செருகிப் பாருங்கள். வாடகை வீட்டில் சுவரில் துளை போடுவதற்கும் கூரையில் பூட்டுவதற்கும் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

வயரில் மிச்சம் பிடிக்கவே வேண்டாம். நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றிச் செம்புத் தகடு, அதன்மேல் செம்புப் பின்னல் உள்ள வயராக எடுங்கள். மலிவான மெல்லிய வயரை வெட்டிப் பார்த்தால் பின்னல் நாலைந்து இழைதான் இருக்கும். அந்த வீடுகளில் லைட் சுவிட்சைப் போட்டாலும் ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கினாலும் படம் ஒரு கணம் உடையும். ஏரியலை மாற்றியும் பழுது போகவில்லை என்று கூப்பிட்ட பல வீடுகளில் நான் வயரை மட்டும்தான் மாற்றினேன்.

கூரையில் மட்டும் நீங்கள் ஏற வேண்டாம். மழை ஈரத்தில் அந்த ஓடு பாசியாக வழுக்கும். சீஏஐ என்ற ஏரியல் தொழில்துறைக் கூட்டமைப்பில் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள், விலையை முன்கூட்டியே கேளுங்கள்.

பூட்டியதும் ரீவியை ஆட்டோ டியூன் செய்யுங்கள். உங்கள் ஊர்ச் செய்திக்குப் பதில் வேறு ஊர்ச் செய்தி வந்தால் ரீவி வேறு கோபுரத்தைப் பிடித்திருக்கிறது. 800க்கு மேலே உள்ள எண்களில் பாருங்கள், உங்கள் சனல்கள் அங்கே போய் இருக்கும். கோடையில் காற்றழுத்தம் கூடி வானம் தெளிந்து கிடக்கிற நாட்களில் தூரத்துக் கோபுரங்களின் சிக்னலும் வந்து மோதும், நன்றாக இருந்த படம் உடையும். அந்த நேரத்தில் திரும்ப டியூன் செய்தால் இருக்கிற சனலும் போய்விடும். ரிமோட்டைக் கீழே வையுங்கள். காலநிலை மாறியதும் படம் தானாக வரும்.