நிலத்தைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தேடுங்கள்: அமெரிக்க விவசாயக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைக் கண்டறியும் முறை

அமெரிக்க விவசாயக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைத் தேட உட்காருபவர்கள் முதலில் செய்வது, தேடுபெட்டியில் ஒரு பெயரைத் தட்டுவதுதான். அதே பெயரில் மாநிலத்துக்கு மாநிலம் ஆட்கள் வந்து நிற்பார்கள். அப்பா பெயரே மகனுக்கும் பேரனுக்கும் இருக்கும். கணக்கெடுக்க வந்தவர் தன் காதில் விழுந்தபடி எழுதிவிட்டுப் போயிருப்பார். பெயரை மட்டும் நம்பினால் யார் வீட்டுத் தாத்தாவையோ நம் தாத்தாவாக்கிவிடுவோம். நிலம் அப்படியல்ல. அது இருந்த இடத்திலேயே இருக்கும், யார் கைக்கு எப்போது போனது என்ற எழுத்தும் இருக்கும். விவசாயக் குடும்பத்தைத் தேடும்போது நிலத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த விளக்கம் முழுக்க நான் சொல்லப்போவது.

பழகிப் பார்க்க ஒரு குடும்பம் வேண்டும். அமெரிக்காவின் 33-வது அதிபர் ஹாரி ட்ரூமனின் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மிசூரி மாநிலம் ஜாக்சன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி), கிராண்ட்வியூ ஊருக்குப் பக்கத்தில் இருந்த தாய்வழிப் பண்ணையில் 1906 முதல் 1917 வரை ஏர் பிடித்தவர் அவர். சாதாரண விவசாயக் குடும்பத்தைத் தேடும்போது வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்திலும் உண்டு. விடை ஏற்கெனவே தெரியும் என்பதால், நாம் கண்டுபிடித்தது சரியா என்று உடனே ஒப்பிட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: தெரிந்ததை எழுதுங்கள்

இன்றைக்கு இருப்பவரிடமிருந்து பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், பிறப்பு, கல்யாணம், இறப்பு. ஒவ்வொன்றுக்கும் தேதி, ஊர், கவுண்டி. கவுண்டியை விட்டுவிடாதீர்கள். பத்திரம், உயில், வழக்கு என எல்லாக் காகிதமும் பெரும்பாலும் கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தில்தான் இருக்கும். பெண்களைப் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு எழுதுங்கள்.

நம் குடும்பம் இப்படி வரும்: ஹாரி, பிறப்பு 1884 மே 8, லமார், பார்ட்டன் கவுண்டி, மிசூரி. அப்பா ஜான் ஆண்டர்சன் ட்ரூமன், பிறப்பு 1851. அம்மா மார்த்தா எல்லன் யங், பிறப்பு 1852. அவர்கள் கல்யாணம் 1881 டிசம்பர் 28. அப்பாவைப் பெற்றவர்கள் ஆண்டர்சன் ஷிப் ட்ரூமன், மேரி ஜேன் ஹோம்ஸ். அம்மாவைப் பெற்றவர்கள் சாலமன் யங், ஹேரியட் லூயிசா கிரெக். இரண்டு தரப்பும் கென்டக்கி மாநிலம் ஷெல்பி கவுண்டியிலிருந்து வந்தவர்கள்.

ஹாரியின் நடுப்பெயரான ‘எஸ்’ எதன் சுருக்கமும் இல்லை. ஷிப், சாலமன் என்று இரண்டு தாத்தாக்களையும் ஒரே எழுத்தில் திருப்திப்படுத்த வைத்தது. நடுப்பெயரை எப்போதும் கவனியுங்கள். பாட்டி வீட்டுக் குடும்பப் பெயர் பல குடும்பங்களில் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

படி 2: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

அமெரிக்காவில் 1790 முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடக்கிறது. தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுக்குப் பிறகே திறக்கப்படும். 1950-ஆம் ஆண்டின் ஏடுகள் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டன. ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கிப் பார்க்கலாம். அங்கிருந்து ஒவ்வொரு பத்தாண்டாகக் கீழே இறங்குங்கள், ஒன்றையும் தாண்டிப் போகாதீர்கள்.

எல்லா ஆண்டும் ஒரே கேள்விகளைக் கேட்டதில்லை. 1900-இல் பிறந்த மாதமும் ஆண்டும் உண்டு, ஒரு தாய்க்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் உண்டு. இந்த இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் இருந்தால், கல்லறைகளில் தேட வேண்டிய குழந்தைகள் இருக்கிறார்கள் என்று பொருள். 1880-இல்தான் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற பத்தி முதலில் வந்தது. அதற்கு முந்தைய ஏடுகளில் ஒரே வீட்டில் இருக்கும் சின்னப் பையனை மகன் என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. தங்கை மகனாக இருக்கலாம், பண்ணை வேலைக்கு வந்தவனாகவும் இருக்கலாம். 1850-க்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வயது வாரியாக வெறும் எண்ணிக்கை.

1890-ஆம் ஆண்டு ஏடுகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1921 ஜனவரியில் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயிலும் அதன் பின்விளைவாலும் கிட்டத்தட்ட எல்லாமே போய்விட்டன. ஹாரி பிறந்தது 1884-இல். எனவே அவர் கணக்கெடுப்பில் தென்படுவது 1900-இல், இண்டிபெண்டன்ஸ் நகரத்தில், 16 வயதுப் பையனாகத்தான். அதற்குள் குடும்பம் பார்ட்டன், காஸ், ஜாக்சன் என்று மூன்று கவுண்டிகளில் குடியிருந்துவிட்டது. கணக்கெடுப்பை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த அலைச்சல் தெரியவே தெரியாது. உங்கள் குடும்பம் கேன்சஸ், அயோவா, நெப்ராஸ்கா பக்கம் இருந்திருந்தால் 1885-இல் அங்கே தனியாக எடுத்த கணக்கெடுப்பு கைகொடுக்கும்.

படி 3: பிறப்பும் இறப்பும்

பண்ணை வீடுகளில் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்று கிடைப்பது அபூர்வம். மிசூரியில் முறையான பதிவு 1910-இல்தான் நிலைபெற்றது. பழைய ஆட்களுக்கு இறப்புச் சான்றே முக்கியம். அதில் தந்தை பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், இருவரும் பிறந்த மாநிலம் எல்லாம் இருக்கும். 1910 முதல் பதிவானவற்றில் 50 ஆண்டு கடந்த சான்றுகளை மிசூரி மாநிலம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1914-இல் இறந்த ஜான் ட்ரூமனை அங்கே தேடிப் பழகலாம். ஒரு எச்சரிக்கை: விவரம் சொன்னவர் யார் என்று பாருங்கள். இறந்தவருடைய தாயின் பெயர் மருமகனுக்குச் சரியாகத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

படி 4: நிலம்

இங்கேதான் பொறுமையாக உட்கார வேண்டும்.

1785-இல் வந்த சட்டப்படி, மேற்கே விரிந்த நிலத்தை அரசு சதுரம் சதுரமாக அளந்தது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைல் சதுரமாக 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். வடகிழக்கு மூலையில் 1 என்று ஆரம்பித்து, மேற்கே போய், கீழிறங்கித் திரும்பி, தென்கிழக்கு மூலையில் 36-இல் முடியும். செக்‌ஷனில் கால் பங்கு 160 ஏக்கர், அதில் கால் பங்கு 40 ஏக்கர். ஆகவே ஒரு நிலத்தின் விவரம் ‘வடகிழக்குக் கால், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 47 வடக்கு, ரேஞ்ச் 33 மேற்கு’ என்கிற மாதிரி இருக்கும். இங்கே டவுன்ஷிப் எண் அடிக்கோட்டிலிருந்து வடக்கே எத்தனையாவது சதுரம் என்பது, ரேஞ்ச் எண் தலைக்கோட்டிலிருந்து மேற்கே எத்தனையாவது சதுரம் என்பது. படிக்கும்போது வலமிருந்து இடமாகப் போங்கள்: முதலில் ரேஞ்ச், அப்புறம் டவுன்ஷிப், செக்‌ஷன், கடைசியில் கால். இந்த வரியை நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஜான், எந்த வில்லியம் என்ற குழப்பம் வரும்போதெல்லாம் இதுதான் தீர்ப்புச் சொல்லும்.

அரசிடமிருந்து முதன்முதலில் தனியாருக்குப் போன ஆவணத்துக்கு பேட்டன்ட் என்று பெயர். நம் ஊர்க் கணக்கில் அந்த நிலத்தின் தாய்ப்பத்திரம். மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை இவற்றின் நகல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மாநிலம், கவுண்டி, குடும்பப் பெயர் கொடுத்தால் போதும். எந்தச் சட்டப்படி நிலம் கிடைத்தது என்பதைக் கட்டாயம் பாருங்கள். 1820 சட்டப்படி ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர் கொடுத்து வாங்கியதென்றால் கோப்பில் ரசீதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இருக்காது. லிங்கன் 1862 மே 20-இல் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி வந்ததென்றால் அதிர்ஷ்டம். 160 ஏக்கரில் ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்ததை நிரூபித்தால்தான் பேட்டன்ட். அந்த நிரூபணக் காகிதங்கள் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வீடு எத்தனைக்கு எத்தனை அடி, எத்தனை ஜன்னல், எத்தனை ஏக்கர் உழுதது, மனைவி மக்கள் எத்தனை பேர் என்று எல்லாம் விண்ணப்பதாரர் வாய்மொழியாகவே இருக்கும். சாட்சி சொன்ன அக்கம்பக்கத்தார் பெயரும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவராக இருந்தால் குடியுரிமைக் காகிதமும் அதே கட்டில் கிடைக்கலாம்.

தாய்ப்பத்திரத்துக்கு முன்னும் அந்த நிலத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். ஜாக்சன் கவுண்டி அடங்கிய மேற்கு மிசூரிப் பட்டை 1825 ஒப்பந்தத்தில்தான் ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்கள் கையைவிட்டுப் போனது. கவுண்டி உருவானது 1826-இல். குடும்ப வரலாறு எழுதும்போது இந்த வரியை விட்டுவிட்டு ஆரம்பிப்பது நியாயமில்லை.

பேட்டன்டுக்குப் பிந்தைய கைமாற்றங்கள் கவுண்டிப் பத்திரப் பதிவில். விற்றவர் பெயர் வரிசை ஒன்று, வாங்கியவர் பெயர் வரிசை ஒன்று என இரண்டு அட்டவணை இருக்கும், இரண்டையும் பாருங்கள். வாங்கிய பத்திரமே இல்லாமல் ஒருவர் நிலத்தை விற்றிருந்தால், அது பெரும்பாலும் பரம்பரையாக வந்திருக்கும். உடனே உயில் பக்கம் போங்கள். மனைவிக்கு நிலத்தில் உரிமை இருந்ததால் விற்கும்போது அவரும் சேர்ந்து கையெழுத்திடுவார். வேறெங்கும் கிடைக்காத பாட்டி பெயர் பத்திரத்தின் கடைசி வரியில் கிடைப்பது இதனால்தான்.

கென்டக்கிக்குப் போனால் சதுர அளவை இல்லை. ஒரு ஓக் மரத்தில் ஆரம்பித்து, ஓடைக்கரை வழியாக, இன்னாருடைய எல்லை வரைக்கும் என்று எழுதியிருப்பார்கள். அந்த ‘இன்னார்’களைக் குறித்துக்கொள்ளுங்கள். விவசாயிகள் பெரும்பாலும் கூட்டமாகவே இடம்பெயர்ந்தார்கள், கென்டக்கியில் பக்கத்து நிலத்துக்காரராக இருந்தவர் மிசூரியிலும் பக்கத்தில் வந்து நிற்பார்.

கவுண்டி எல்லையும் மாறும். இன்றைய காஸ் கவுண்டி 1849 வரை வான் பியூரன் கவுண்டி என்ற பெயரில் இருந்தது. அந்தப் பெயர் தெரியாவிட்டால் அந்தக் காலப் பதிவுகள் கண்ணிலேயே படாது.

படி 5: பண்ணைக் கணக்கு ஏடு

பலரும் தாண்டிப் போகும் புதையல் இது. 1850, 1860, 1870, 1880 கணக்கெடுப்புகளில் ஒவ்வொரு பண்ணைக்கும் தனி வரி உண்டு. குதிரை, கோவேறு கழுதை, கறவை மாடு, பன்றி எத்தனை. மக்காச்சோளம் எத்தனை புஷல். வெண்ணெய் எத்தனை பவுண்டு. 1880 ஏட்டில் முந்தைய ஆண்டு வேலி போட ஆன செலவு, கோழி முட்டைக் கணக்கு வரை இருக்கிறது. ஆடுகளில் நாய் கடித்துச் செத்தது எத்தனை, நோயில் செத்தது எத்தனை, குளிரிலும் மழையிலும் செத்தது எத்தனை என்று தனித்தனிப் பத்தி. நிலம் சொந்தமா, பணக் குத்தகையா, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரமா என்பதையும் அதே ஆண்டுதான் முதலில் கேட்டார்கள். வாரத்துக்குப் பயிர் செய்தவர் என்றால் அவர் பெயரில் பத்திரம் தேடிப் பயனில்லை, நிலச் சொந்தக்காரர் பெயரில் தேடுங்கள். மிகச் சின்னப் பண்ணைகள் இதில் சேர்க்கப்படவில்லை. 1870-லும் 1880-லும் மூன்று ஏக்கருக்குக் கீழே இருந்து, விளைச்சலும் 500 டாலரைத் தொடாவிட்டால் விட்டுவிட்டார்கள்.

படி 6: உயிலும் வழக்கும்

ஹாரியின் அம்மாவழிப் பாட்டி ஹேரியட் லூயிசா யங் 1909 டிசம்பரில் இறந்தார். பண்ணையை மார்த்தாவுக்கும் அவர் அண்ணன் ஹாரிசனுக்கும் மட்டும் எழுதி வைத்திருந்தார். மற்ற பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். குடும்பத்துக்கு அது வேதனை, தேடுபவருக்கோ அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. உயில் வழக்கில் வாரிசுகள் எல்லோரையும் பெயர் சொல்லி, கல்யாணமான பெண்களைக் கணவர் பெயரோடு சேர்த்து எழுத வேண்டும். 1916-இல் ஹாரிசன் இறந்தபோது அவர் பங்கும் மார்த்தா குடும்பத்துக்கு வந்தது. பின்னால் அடமானம் மீட்க முடியாமல் 1940-இல் பண்ணையே கைவிட்டுப் போனது. உயில், அடமானப் பத்திரம், ஏலம் என மூன்று வகைக் காகிதத்தில் ஒரே நிலத்தின் கதை ஓடுவதை இங்கே பார்க்கலாம்.

உயில் இல்லாமல் இறந்தவரென்றால் சொத்துப் பட்டியலைக் கேளுங்கள். கலப்பை, சேணம், சமையல் பாத்திரம் வரை விலை போட்டிருப்பார்கள்.

படி 7: பெயர் மறுக்கப்பட்டவர்கள்

ஹாரியின் இரண்டு தாத்தா வீடுகளிலும் அடிமைகள் இருந்தார்கள். 1850, 1860 அடிமை ஏடுகளில் உடைமையாளர் பெயர் இருக்கும். உழைத்தவர்களுக்கோ வயது, பால், நிறம் மட்டும். அந்த நிலத்தை உழுதவர்களில் அவர்களும் உண்டு, அவர்களைத் தேடும் சந்ததியினருக்கு இந்த ஏடு ஒரு சுவர். 1870 கணக்கெடுப்பில்தான் விடுதலை பெற்ற எல்லோருடைய பெயரும் வருகிறது. அங்கிருந்து பின்னோக்கிப் போக வழி, பக்கத்து நிலக்காரர்களுடைய 1865-க்கு முந்தைய உயிலும் சொத்துப் பட்டியலும்தான். மாடு, குதிரைகளுக்கு நடுவே மனிதர்களின் பெயரும் விலையும் எழுதப்பட்டிருக்கும். படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் பெயர் பெயராகப் பிரதி எடுத்துப் பொதுவில் போடுங்கள். விடுதலை பெற்ற அடிமைகளுக்காகத் தொடங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் 1865 முதல் 1874 வரையிலான கணக்கேடுகளில் பெற்றோர், உடன்பிறந்தவர் பெயர்கள் கிடைக்கும், சில பக்கங்களில் முன்னாள் எஜமானர் பெயரும் இருக்கும்.

படி 8: குறித்து வையுங்கள்

எந்த ஏடு, எந்தப் பக்கம், எந்தத் தேதியில் பார்த்தது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். கிடைக்காததையும் எழுதுங்கள், அதே ஏட்டை மறுபடி புரட்ட வேண்டியிருக்காது. இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் குடும்ப மரங்களைத் துப்பாக வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாக வேண்டாம்.

முதல் பயிற்சியாக 1910 கணக்கெடுப்பைத் திறந்து, மிசூரி, ஜாக்சன் கவுண்டி, வாஷிங்டன் டவுன்ஷிப்பில் (இது அளவைச் சதுரம் அல்ல, கவுண்டியின் உள்பிரிவு) ட்ரூமன் குடும்பத்தைத் தேடுங்கள். பெயரைத் தட்டிச் சிக்காவிட்டால் எழுத்துகளை மாற்றிப் பாருங்கள். அதற்கும் சிக்காவிட்டால் தேடுபெட்டியை மூடிவிட்டு டவுன்ஷிப்பின் ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஆள் கிடைத்ததும் மேலே பத்து வீடு, கீழே பத்து வீடு யார் என்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்து பத்திர அட்டவணையில் தேட வேண்டிய பெயர்கள் அவைதான்.