பொங்கல் சாமான் பொங்கல் முடிஞ்சு போய்ச் சேர்ந்தா: புதுசா ஏற்றுமதி செய்யுறவங்க விடுற பிழைகள்

போன கிழமை திருகோணமலை உவர்மலையில ஒரு தம்பி வந்து கதைச்சான், லண்டன் தமிழ்க் கடைகளுக்கு வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள் அனுப்ப ஓடர் எடுத்திருக்கானாம். "நவம்பர் கடைசியில ஏத்தினா தைப்பொங்கலுக்குப் போயிடும் அண்ணா, கப்பல் 25 நாள்தானே" எண்டான். எனக்கு நெஞ்சு திக்கெண்டுது, 2023ல இதே கணக்கைத்தான் நானும் போட்டனான். இன்வொய்ஸ் பிழை, லேபல் பிழை எல்லாம் நான் சொல்லப்போறதில்ல, அத ஏஜென்டே பாத்துத் திருத்துவார்.

இன்சூரன்ஸ் இருக்குத்தானே எண்டு திகதிக்கு வாக்குக் குடுக்கிறது

2023 நவம்பர் 19 யேமன் நாட்டு ஹூதி ஆயுதக்குழு செங்கடல்ல கேலக்ஸி லீடர் எண்ட கப்பலப் பிடிச்சாங்க. நியூஸ்ல பாத்தனான், அது கார் ஏத்துற கப்பல், எங்கட மாச்சாமானுக்கு என்ன வரப்போகுது எண்டு விட்டுட்டன். டிசம்பர் முதல் கிழமை கொழும்பில கொன்டெய்னர் ஏறிச்சு, டிசம்பர் நடுவில பெரிய கம்பெனிகள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா செங்கடல் வேண்டாமெண்டு கப்பலத் திருப்பினாங்க, என்ட பெட்டியும் ஆபிரிக்காவச் சுத்தி நன்னம்பிக்கை முனையால போச்சு. ஜனவரி 15 பொங்கல், சாமான் கடைக்குப் போனது மாசக் கடைசியில. ஜனவரி 8க்கு முன்ன கடையில இருக்குமெண்டு நானே எழுதிக் குடுத்திருந்தபடியால லண்டன் கடைக்காரர் பாதி விலைதான் தந்தார், அவரில பிழையில்ல.

இன்சூரன்ஸ்காரரிட்ட போனா, பொலிசிய விரிச்சு ஒரு வரியில விரல வச்சுக் காட்டினார். சரக்குக் காப்புறுதியில ஆகக் கூடுன 'ஏ' கிளோஸ் எடுத்தாலும் அதில 4.5 எண்ட பிரிவில தெளிவா இருக்கு: தாமதத்தால வாற நட்டம் சேராது, அந்தத் தாமதம் காப்புறுதி செய்த ஆபத்தாலயே வந்திருந்தாலும் சேராது. யுத்தத்துக்கெண்டு தனியா எடுக்கிற கிளோஸ்லயும் இதே கதைதான், அதுவும் ஏழு நாள் நோட்டீஸ்ல நிப்பாட்டக்கூடியது. கையெழுத்து வைக்க முன்ன அந்த ஒரு பக்கத்த வாசிச்சிருக்கலாம் எண்டு இண்டைக்கும் எரிச்சலா வருது.

அதால, கப்பல் ஏறுற திகதிக்கு மட்டும் பொறுப்பெடுங்க, போய்ச் சேருற திகதிக்கு எடுக்காதீங்க. பொங்கல் சாமானெண்டா ஒக்டோபர் நடுவிலயே ஏத்துங்க. அதுக்காக இன்சூரன்ஸ் வேண்டாமெண்டு நான் சொல்லேல்ல, 2021 மார்ச்சில எவர் கிவன் எண்ட கப்பல் சூயஸ் கால்வாயில ஆறு நாள் இறுகினது, பிறகு ஜூலை வரைக்கும் எகிப்தில மறிச்சு வச்சிருந்தாங்க, கப்பல மீட்ட செலவில சரக்குக்காரருக்கும் பங்கு விழுந்தது, இன்சூரன்ஸ் இல்லாதவர் கைக்காசு கட்டித்தான் பெட்டிய எடுக்கோணும்.

மாரிக்குள்ள கொன்டெய்னர் நிரப்புறது

எங்கட பக்கம் நவம்பர், டிசம்பரில விடாம அடிக்கிற மழை, 2020 டிசம்பர் 2 புரெவி புயல் திருகோணமலைக்குக் கிட்டத்தான் கரை ஏறினது. அந்த ஈரக்காத்தோட கதவப் பூட்டினா, குளிர் நாட்டுக்குக் கிட்டப் போகப்போக கொன்டெய்னர்ட கூரைத் தகரம் உள்ளால வேர்த்து சொட்டுச் சொட்டா விழும். என்ட பெட்டியத் திறந்து படம் அனுப்பினாங்க, மேல் வரிசை காட்போட் எல்லாம் ஊறித் தொய்ஞ்சு, மாப் பக்கெட் மூலையில பச்சைப் பூஞ்சணம். இதுக்கும் பொலிசிய நம்பேலாது, பொதி சரியில்ல எண்டு தட்டிவிடக்கூடும். மாவ நல்லா வறுத்து ஆறவிட்டு மழை இல்லாத நாளில ஏத்துங்க, ஈரம் உறிஞ்சுற பைகளக் கட்டித் தொங்கவிடுங்க, அடியில மரத்தட்டும் ஈரமில்லாததாப் பாருங்க.

எல்லாத்தையும் ஒரே கப்பலில ஏத்துறது

வேண்டாம். ரெண்டாப் பிரியுங்க.

சீனப் புத்தாண்ட மறக்கிறது

பக்கெட் பை அங்கயிருந்து எடுக்கிறவங்க டிசம்பருக்குள்ள எடுத்து வையுங்க, ஃபக்டரி கிழமைக்கணக்கில பூட்டு.

இண்டைய டொலர் ரேட்டில ஆறு மாசத்துக்கு விலை சொல்லுறது

2022 மார்ச் தொடக்கத்தில டொலர் 200 ரூபாவுக்குக் கிட்ட, மே மாசம் 360. வெளிநாட்டுப் பை, வெளிநாட்டு மிளகாய் வாங்கி இங்க ரூபாவில விலை பேசினவங்கள் அந்த ரெண்டு மாசத்தில போட்ட காசையே இழந்தாங்க. சொன்ன விலை முப்பது நாளுக்குத்தான் செல்லும் எண்டு ஓடரிலயே எழுதுங்க.

அந்தத் தம்பியின்ர ஓடர் தாளிலயும் இருந்த 'ஜனவரி 8' எண்ட போய்ச் சேருற திகதிய வெட்டி, கொழும்பில ஏறுற திகதிய எழுதச் சொல்லி லண்டன்காரருக்கு மெசேஜ் போட்டிருக்கு, பதில் இன்னும் வரேல்ல.